மாதப் பணம் அனுப்பினால் கடமை தீர்ந்துவிடுமா?

 

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் சமுதாயத்தில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "பெற்றோரை இல்லத்தில் விடுவது ஒரு முஸ்லிமுக்கு அடுக்குமா?" என்பது ஒன்று. "வேறு வழியில்லை, நல்ல இடமாகப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறோம்" என்பது மற்றொன்று. ஜும்ஆ பயான்களிலும் கல்யாண வீடுகளிலும் இவ்விரண்டும் மோதிக்கொண்டே இருக்கின்றன. இரு தரப்பாரும் கேட்க மறந்த மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. சேர்க்கப்பட்ட அந்தப் பெரியவர் இன்று எப்படி இருக்கிறார்? அவர் முதுகில் புண் இருக்கிறதா? நேற்றிரவு அவர் தண்ணீர் கேட்டபோது எழுந்து வந்தவர் யார்?

இக்கேள்வியைக் கேட்காதவரை, முதல் தரப்பாரின் கண்டனமும் வீண். இரண்டாம் தரப்பாரின் சமாதானமும் வீண்.

இல்லத்தில் சேர்த்த பிள்ளைகள் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். மகன் சவூதியில், மகள் வேறூரில், பக்கவாதத்தில் படுத்த வாப்பாவைத் தூக்கி உட்கார வைக்கத் தாமே நோயாளியான உம்மா மட்டும் வீட்டில் என்ற நிலை நம் தெருக்களில் புதிதன்று. அத்தகைய வீட்டாருக்கு இல்லம் ஒரு தேவையாகிவிடலாம். சேர்த்த பிறகு கண்ணை மூடிக்கொள்வதையே நாம் எதிர்க்கின்றோம்.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களை அறியாதவர் நம்மில் இல்லை. முதுமையை அடைந்த பெற்றோரிடம் சலிப்பின் மிகச் சிறிய சொல்லைக்கூடச் சொல்லலாகாது என்று இறைவன் தடுத்திருக்கின்றான். அச்சொல்லை மகனின் வாயால் சொல்லக் கூடாது. ஆனால் மகன் பணம் கொடுத்து அமர்த்திய ஒருவரின் வாயால் அந்தத் தாய் நாள்தோறும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று எந்த ஆலிமாவது தீர்ப்பளிப்பாரா? பணியை மற்றவரிடம் ஒப்படைக்கலாம்; பொறுப்பை ஒப்படைக்க முடியாது. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மறுமையில் அந்த விசாரணையின்போது பணம் கட்டிய ரசீதை நீட்ட முடியுமா?

கண்ணை மூடிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். 28 உயிர்கள் போயின. அது முதியோர் இல்லமன்று என்பது உண்மை. ஆயினும் பாடம் ஒன்றுதான். தர்கா இருக்கும் ஊர், பக்திமான்கள் நடமாடும் இடம், அங்கே இருப்பவருக்குக் குறை வராது என்னும் நம்பிக்கையில் விட்டுச் சென்ற குடும்பங்கள் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் இரவில் அந்தக் கீற்றுக் கொட்டகை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தார்கள்? புனிதமான சூழல், பராமரிப்பிற்கு உத்தரவாதம் ஆகாது.

இன்றும் நாம் அதே தவற்றைச் செய்கிறோம். இல்லத்தைப் பார்க்கப் போகிறவர் கேட்பவை எவை? "ஹலால் உணவா? தொழுகை அறை உண்டா? பாங்கு கேட்குமா?" இவை கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் இவற்றோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வழவழப்பான டைல்ஸ் தரையும், கம்பளம் விரித்த தொழுகை அறையும், வாசலில் எழுதிய பிஸ்மில்லாஹ்வும் நம் மனத்தை நிறைத்துவிடுகின்றன. அந்த அறைக்கு நடந்து செல்ல இயலாமல், நனைந்த டயப்பரோடு காலையிலிருந்து கிடக்கும் பெரியவரை நாம் பார்ப்பதில்லை. சுத்தம் செய்துகொள்ள இயலாத நோயாளி, தம்மால் இயன்ற நிலையிலேயே தொழலாம். மார்க்கம் அவருக்குச் சலுகை தந்திருக்கிறது. அவரை அந்நிலையில் கிடத்தி வைத்தவருக்கு என்ன சலுகை? ஆகவே, டயப்பரை எத்தனை முறை மாற்றுகிறார்கள் என்பதும் மார்க்கக் கேள்வியே.

பராமரிப்பின் தரத்தைச் சுவரில் தேடாதீர்கள். முதியவரின் உடலில் தேடுங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் அனைவரும் கற்கும் பாடம். அது நடக்கிறதா என்பதை முதுகின் கீழ்ப்பகுதியும் இடுப்பின் பக்கங்களும் குதிகால்களும் சொல்லிவிடும். அங்கே தோல் சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். காய்ந்த நாக்கும் அடர்ந்த நிறச் சிறுநீரும் தண்ணீர் போதவில்லை என்பதற்கான அடையாளங்கள். எடையை மாதந்தோறும் குறித்து வைக்கிறார்களா என்று கேளுங்கள். பல்செட் டப்பாவிலும், மூக்குக் கண்ணாடி அலமாரியிலும், காது கேட்கும் கருவி பேட்டரி தீர்ந்தும் கிடந்தால், அந்தப் பெரியவர் மென்று உண்ணவும் இல்லை, பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. எந்நேரமும் பினாயில் நெடி தூக்கலாக இருந்தால், அது எதை மறைக்கிறது என்றும் சிந்தியுங்கள்.

மருந்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். சேர்க்கும்போது இல்லாத தூக்க மாத்திரை இப்போது ஏன் சேர்ந்தது, எந்த மருத்துவர் எழுதினார் என்று வினவுங்கள். பகலெல்லாம் உறங்கும் முதியவர் அமைதியாக இருக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம், அமைதியாக்கப்பட்டிருக்கலாம். கை கால்களில் கட்டிய தடம் உண்டா என்று பாருங்கள். விழுந்தால் எழுதி வைக்கிறார்களா, வீட்டாருக்கு உடனே சொல்கிறார்களா என்று கேளுங்கள். உம்மாவைக் குளிப்பாட்டுபவர் பெண்தானா என்பதை அறிந்துகொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் மானத்தைப் பேணியவருக்குப் படுக்கையில் விழுந்த பின் அது வேண்டாததாகிவிடாது.

இவை அனைத்தையும்விட முதன்மையானது, சொல்லாமல் செல்வது. முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போனால், குளிப்பாட்டி, அத்தர் தடவி, தொப்பி அணிவித்து உட்கார வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் காண்பதும் அந்தக் காட்சியைத்தான். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மக்களின் நிலையை அறிய இரவில் வீதிகளில் உலாவியதை நாம் மேடைதோறும் பெருமையுடன் சொல்கிறோம். அவர்கள் ஏன் இரவில் சென்றார்கள்? பகலில் எல்லோரும் நலமாகவே தெரிவார்கள் என்பதனால் அன்றோ! இஷாவிற்குப் பின் ஒருநாள், ஃபஜ்ருக்குப் பின் ஒருநாள், உணவு வேளையில் ஒருநாள் செல்லுங்கள். முதியவரிடம் பணியாளர் இல்லாத தனிமையில் பேசுங்கள். எந்நேரமும் வரலாம் என்று சொல்லத் துணியாத இல்லத்தில் சேர்க்காதீர்கள்.

இதற்கு எதிர்வாதங்கள் வருகின்றன. "அல்லாஹ்வுக்காக நடத்துகிறார்கள், அவர்களைப் போய்க் கேள்வி கேட்பதா?" என்கிறார்கள் சிலர். அல்லாஹ்வுக்காகச் செய்பவர் கணக்குக் காட்டத் தயங்கமாட்டார். "கேட்டால் அந்தக் கோபத்தை உம்மாவிடம் காட்டிவிடுவார்களே" என்று அஞ்சுகிறார்கள் வேறு சிலர். அவ்வச்சமே அந்த இல்லத்தைப் பற்றிய தீர்ப்பு! உங்களுக்கு அப்படித் தோன்றுமிடத்தில் உங்கள் தாயை ஓர் இரவுகூட எப்படி விட்டு வைத்திருக்கிறீர்கள்?

பணியாளர்களை மட்டும் பழிப்பதும் நியாயமன்று. முப்பது படுக்கைகளுக்கு இரவில் ஒரே ஒருவரை நிறுத்தினால், அவர் எவ்வளவு நல்லவராயினும் யாரையும் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. எனவே இரவுப் பணியில் எத்தனை பேர், எவ்வளவு காலமாக அதே முகங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு என்ன பயிற்சி என்று கேட்பது அவர்களுக்கும் நாம் செய்யும் நீதி. கல்யாண விருந்தில் கணக்குப் பார்க்காமல், பெற்றோருக்கான கட்டணத்தில் பேரம் பேசிக் குறைப்பவர்கள், அந்தக் குறைப்பு யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்படும் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என வரையறுக்கிறது. பராமரிக்கும் பொறுப்புள்ளவர் முதியவரை முற்றிலுமாகக் கைவிடும் எண்ணத்துடன் ஓரிடத்தில் விட்டுச் சென்றால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். குறை கண்டால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

இறுதியாக, நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கூட்டம் கூட்டிக் கேட்கும் நாம், நம் மஹல்லாவிலிருந்து இல்லங்களுக்குச் சென்ற முதியோர் எத்தனை பேர் என்ற பட்டியலையாவது வைத்திருக்கிறோமா? ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், இரு பெண்கள், இரு ஆண்கள் கொண்ட குழு போதும். மாதம் ஒருமுறை, சொல்லாமல் சென்று, பார்த்து, எழுதி, பிள்ளைகளுக்கு அனுப்பட்டும். ரமலானில் பிரியாணி கொண்டுபோய்ப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஒரு பெரியவரின் குதிகாலைப் பார்த்துவிட்டு வருவது மேலானது.

பெற்றோரை முதுமையில் அடையப் பெற்றும் சுவர்க்கத்தைத் தவறவிட்டவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் உரைத்த கடும் எச்சரிக்கையை நாம் அறிவோம். பெற்றோர் வீட்டில் இருந்தாலும் இல்லத்தில் இருந்தாலும் அந்த வாய்ப்பு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. இந்த வாரமே, சொல்லாமல், ஒருமுறை சென்று வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் முதுமையைக் கண்ணியமானதாக ஆக்குவானாக! அவர்களைப் பற்றிய விசாரணையில் நம்மைத் தலைகுனிய வைக்காதிருப்பானாக! ஆமீன்.