சாவிக்கொத்து யார் இடுப்பில்?

பெரிய மாமியார் ஆண்ட வீட்டில், அவருக்குப் பின் சாவிக்கொத்து யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். மருமகள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்! ஓட்டப் பந்தய உலகமும் அப்படித்தான் இருக்கிறது, நேயர்களே.

ஜமைக்காவின் உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். 2008, 2012, 2016 மூன்று ஒலிம்பிக்கிலும் அந்தப் பந்தயத்தில் தங்கம் அவருக்கே. 2017-ல் லண்டன் உலகப் போட்டியில், முப்பது வயதில், மூன்றாவதாக வந்தார். முதலில் வந்த ஜஸ்டின் காட்லினுக்கோ வயது 35! அவரை வாரிசு என்று யார் சொல்வார்கள்?

அந்தப் பந்தயம் முதல் 2025 வரை, ஒலிம்பிக்கும் உலகப் போட்டியுமாக ஏழு பந்தயங்கள். ஜெயித்தவர்கள் ஆறு பேர். இருமுறை வென்றவர் அமெரிக்காவின் நோவா லைல்ஸ் மட்டுமே. 2024-ல் பாரிஸில் ஜமைக்காவின் கிஷேன் தாம்ஸனை அவர் முந்தியது, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில்! 2025-ல் டோக்கியோவில் தங்கம் வாங்கிய ஒப்லிக் செவில், போல்ட்டின் குருநாதர் கிளென் மில்ஸின் சீடர். அவர் ஓடிய நேரம் 9.77.

ஒருநாள் விருந்தில் பாயசம் அமைந்துவிட்டால் சாவி வந்துவிடுமா? தினசரிச் சமையலும் அப்படியே அமைய வேண்டாமோ? வருஷா வருஷம் ஜெயிக்கும் பிள்ளை வரட்டும். அதுவரை சாவிக்கொத்து ஆணியிலேயே தொங்கட்டும்!