டாக்டர் கையில் துப்பாக்கியா? மலையிலிருந்து ஒரு த்ரெட்

கொஞ்சம் நீளமான த்ரெட். திட்டறதா இருந்தா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ சுத்துது. கத்தியோட ஒருத்தன் பாய்றான். எதிர்ல நிக்கறவர் இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவி, கை எட்டும் தூரத்திலேயே சுட்டுச் சாய்க்கிறார். கீழே நண்பர் எழுதியிருக்கார்: "ஒவ்வொரு அரசு டாக்டருக்கும் இந்தப் பயிற்சியும் லைசென்ஸும் வேணும்." வரிசையா தம்ஸ்-அப்.

கோபம் எனக்கும் இருக்கு. 2024 நவம்பர் 13 அன்னிக்கு கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில, ஒரு புற்றுநோய் மருத்துவரை அவரோட ஓபி அறையிலேயே நோயாளியின் மகன் கத்தியால குத்தினார். அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் கொல்கத்தா ஆர்.ஜி. கர். கிண்டி செய்தி வந்த ராத்திரி எனக்கு டூட்டி. தாழ்ப்பாள் இல்லாத ரூம்ல கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் அந்த வீடியோ ஏமாத்து வேலை. ஏன்னு சொல்றேன்.

1983-ல டென்னிஸ் டூலர்னு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தி வெச்சிருக்கறவன் 21 அடியை ஓடிக் கடக்க சுமார் ஒன்றரை விநாடி ஆகும். பயிற்சி எடுத்த போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். 21 அடின்னா எங்க ஓபி ரூமைத் தாண்டி, வராண்டாவையும் தாண்டி வேப்பமரத்தடி. நோயாளி உட்கார்ற ஸ்டூல் எனக்கு ரெண்டு அடியில இருக்கு.

அதுவும் போக, வீடியோவில வர்றவன் "நான் எதிரி"ன்னு கத்திக்கிட்டே வர்றான். நம்மகிட்ட வர்றவர் ஓபி சீட்டோட வர்றார். நாம காதுல ஸ்டெத் மாட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, இன்னொருத்தர் நெஞ்சைக் கேட்டுட்டு இருப்போம்.

சரி, எப்படியோ எடுத்துட்டோம்னே வைங்க. நியூயார்க் போலீஸைப் பத்தி 2008-ல ராண்ட் நிறுவனம் ஆய்வு பண்ணிச்சு. எதிராளி திருப்பிச் சுடற சண்டையில அவங்க சுட்டதுல இலக்கைத் தொட்டது சுமார் 18 சதவீதம். எதிராளி சுடாதபோதும் 30 சதவீதம்தான். சம்பளம் வாங்கிக்கிட்டுச் சுட்டுப் பழகறவங்க கணக்கு இது. மீதிக் குண்டெல்லாம் எங்க போகும்? செவ்வாய்க்கிழமை எங்க ஓபியில செக்கப்புக்கு வர்ற கர்ப்பிணிகள் வரிசை நிக்குது, அங்கதான் போகும்.

இன்னொரு ஆய்வு. 2000 முதல் 2011 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த 154 துப்பாக்கிச் சூடுகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் தொகுத்தாங்க. அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ள நடந்தவற்றில் 23 சதவீதத்தில், சுட்ட துப்பாக்கி அங்கே காவலுக்கு நின்ன செக்யூரிட்டியோடது. அவர்கிட்டயிருந்து பிடுங்கிச் சுட்டிருக்காங்க. சென்ட்ரல் லைன் போட ரெண்டு கையும் வேணும். நான் இடுப்பில இருக்கறதை எந்தக் கையால காப்பாத்தறது?

குரூப்ல யாரும் பேசாத விஷயம் ஒண்ணு. தொடர்ந்து 24 மணி நேர டூட்டி, தூக்கமில்லாம வீட்டுக்குப் போற இளம் டாக்டர், மேஜை டிராயர்ல பிஸ்டல். துப்பாக்கியால தற்கொலைக்கு முயற்சி பண்றவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் வரை இறந்துடறாங்க. மத்த வழிகள்ல பெரும்பாலானவங்களைக் காப்பாத்தி, அப்புறம் உட்கார வெச்சுப் பேச முடியுது. (மனசு சரியில்லைன்னா 104 அல்லது 14416, எந்நேரமும். டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான்.)

இப்ப எங்க மலைக்கு வாங்க.

ஜவ்வாது மலையில துப்பாக்கி புதுசில்லை. சாமையையும் மரவள்ளியையும் பன்றி உழுதுட்டுப் போயிடும். அதுக்காகப் பரண்ல ஒளிச்சு வெச்ச நாட்டுத் துப்பாக்கிகள் உண்டு. குழல் வாய் வழியா மருந்தும் ரவையும் கெட்டிக்கறது. வேட்டைக்கும் போகுதுங்கறதை நான் மறைக்கல. போலீஸ் ஒப்படைக்கச் சொல்லும், கொஞ்சம் வரும், கொஞ்சம் வராது.

ஒரு விடியக்காலை, கம்பளியில சுத்தி ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. "மரத்துல இருந்து விழுந்துட்டாரு சார்." கம்பளியை விலக்கினா தொடையிலயும் அடிவயித்திலயும் பொடிப்பொடியா ஓட்டை. எக்ஸ்ரேல சாமையை இறைச்ச மாதிரி ரவை. இருட்டுல புதர் அசைஞ்சிருக்கு, பன்றின்னு நினைச்சு மச்சானே சுட்டிருக்கார். போலீஸுக்குப் பயந்து ரெண்டு மணி நேரம் வீட்லயே வெச்சு மஞ்சள் அப்பியிருக்காங்க. 108-ல ஏத்தி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி அனுப்பினோம். பிழைச்சார். வயிறு திறந்து குடலை வெட்டி எடுத்த பிறகு.

மலை மக்களே, இது உங்களுக்கு: உண்மையைச் சொல்லுங்க. எம்.எல்.சி. நான் பதிஞ்சே ஆகணும், அது சட்டம். ஆனா முதல்ல சிகிச்சை, அப்புறம்தான் போலீஸ். 1989-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பொய் சொன்னா நான் தப்பான இடத்துல தேடிக்கிட்டு இருப்பேன்.

எனக்கு எரிச்சல் வர்றது எதுலன்னா, லைசென்ஸ் இல்லாத அந்தத் துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். இத்தனைக்கும் 1959 ஆயுதச் சட்டத்துலயே, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர 13-ஆம் பிரிவு இடம் கொடுக்குது. கலெக்டர் ஆபீஸ் படியேறி அதை வாங்கின மலையாளி விவசாயி ஒருத்தரையும் நான் சந்திச்சதில்லை. பயிர் போறவனுக்கு ஜெயில், பயம் வந்த டாக்டருக்கு அரசுச் செலவுல பிஸ்டலா? கேக்கவே கூசுது.

கடைசியா என் கதை. ஒரு ராத்திரி கட்டுவிரியன் கடிச்ச குழந்தையைக் கொண்டு வந்தாங்க, ரொம்ப லேட்டா. மூச்சு நின்னு போயிருந்தது. நானும் நர்ஸும் ஒரு மணி நேரம் போராடினோம், முடியல. சொன்னதும் அப்பா இடுப்பிலிருந்து கொடுவாளை உருவிட்டார். இங்க வேலைக்குப் போற ஆம்பளை இடுப்பில கொடுவாள் இருக்கறது சாதாரணம். நான் சுவரோட ஒட்டிட்டேன். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருத்தங்க உள்ள வந்து, "தம்பி, குழந்தையை நீ தூக்கு, நான் துணி சுத்தறேன்"னாங்க. கொடுவாளைக் கீழ போட்டுட்டு குழந்தையைத் தூக்கினார்.

அந்த வீடியோவைப் பார்த்துப் பழகியிருந்தா நான் அந்த அப்பாவைச் சுட்டிருப்பேன். சட்டமும் தற்காப்புன்னு என்னை விட்டிருக்கலாம்.

எல்லா இடத்திலும் அக்கா வருவாங்கன்னு நம்பி உட்காரச் சொல்லல. 2008-லயே தமிழ்நாட்டுல மருத்துவமனைத் தாக்குதலுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு: ஜாமீன் கிடையாது, 10 வருஷம் வரை ஜெயில். பேப்பர்ல எல்லாம் இருக்கு. எனக்கு வேண்டியது ராத்திரிக்கு ரெண்டாவது டாக்டர். உள்ளே தாழ்ப்பாள் போடற கதவு, ரூமுக்கு ரெண்டு வழி. உடம்புல தெம்பிருக்கற காவலர் ஒருத்தர். மரணத்தைச் சொல்ல, உட்கார வெச்சுப் பேச ஒரு தனி அறை. மலை மேலயே ஒரு வென்டிலேட்டர், அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள். கடைசியா சொன்னது அன்னிக்கு இருந்திருந்தா அந்தக் கொடுவாள் இடுப்பை விட்டே வந்திருக்காது.

குரூப் நண்பர்களே, பிஸ்டலுக்கு மனு எழுதற கையால இதுக்கு எழுதுங்க, முதல் கையெழுத்து நான் போடறேன். நாளைக்கு நைட் டூட்டி. கேள்வி இருந்தா கீழ போடுங்க, சிக்னல் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.