பணம் கட்டி ஆடலாமா, செல்போன் சண்டை?

இருங்காட்டுக்கோட்டை என்றதும் கார் பந்தயம் நினைவுக்கு வரும். 1990-ம் ஆண்டு முதல் அங்கே பந்தய சாலை இருக்கிறது. ஆனால் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் வாலிபர்கள் கையில் வேறு பந்தயம்!

அதுதான் "பி.ஜி.எம்.ஐ." என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம்.

ஒரு கோஷ்டிக்கு 4 பேர். விமானத்தில் இருந்து குதிக்க வேண்டும். துப்பாக்கி தேடி எடுத்து, மற்ற கோஷ்டிகளைச் சுட வேண்டும். கடைசி வரை நிற்கிற கோஷ்டிக்கு வெற்றி. ஒருவன் வழி சொல்வான். அவன் பேச்சைக் கேட்காதவன் முதலில் சாவான். செல்போனில்தான், பயப்படாதீர்கள்!

இதன் அண்ணன் "பப்ஜி"யை 2020-ல் மத்திய சர்க்கார் தடை செய்தது. மறு ஆண்டே தம்பி வந்துவிட்டது.

போட்டி நடத்துவது சுலபம். ஒருவர் ஆட்டத்துக்குள் தனி அறை திறந்து, ரகசிய எண்ணைக் கோஷ்டிகளுக்குக் கொடுப்பார். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஜெயித்தவருக்குக் கொடுப்பதும் உண்டு. இங்கேதான் வம்பு.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அங்கீகாரம் பெற்ற மின் விளையாட்டுப் போட்டி என்றால் நுழைவுக் கட்டணமும் பரிசும் உண்டு. பந்தயம் மட்டும் கூடாது.

வாடகை அறையில் நடக்கும் போட்டிக்கு அங்கீகாரம் ஏது? நண்பர்களிடம் பணம் வசூலிக்கும் தம்பிக்கு இது தெரியுமா? வீட்டில் யாராவது சொல்லி வையுங்கள்.