திருகை போய் உருளை வந்தது

காலையில் பசியாற ரொட்டி சானாய் கடையில் போய் உட்காருகிறோம். கடைக்காரர் வெள்ளை வெளேரென்ற மாவைப் பிசைந்து, வீசி, மடித்துக் கல்லில் போடுகிறார். அந்த வெண்மை எங்கிருந்து வந்தது என்று என்றாவது யோசித்ததுண்டா? வயலில் விளையும் கோதுமை மணி பழுப்பு நிறம். திருகையில் அரைத்த மாவும் பழுப்புதான். வெண்மையைக் கொண்டு வந்தது ஓர் இயந்திரம். இம்முறை அதன் கதையைப் பார்ப்போம்.

கோதுமை மணிக்கு மூன்று பாகங்கள் உண்டு. மேலே தவிடு, அடியில் முளை, நடுவே வெள்ளையான மாவுப் பகுதி. திருகைக் கல் மூன்றையும் சேர்த்தே நசுக்கிவிடும். தவிடு தூளாகி மாவோடு கலந்துவிடுவதால், எவ்வளவு சலித்தாலும் முழுதும் நீங்காது. முளையில் உள்ள எண்ணெயும் கலப்பதால் மாவு நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். ஆகவே, அந்நாளில் ஐரோப்பாவில் பலமுறை சலித்த வெள்ளை மாவு பணக்காரர் வீட்டுப் பண்டம். கறுத்த ரொட்டி ஏழையின் உணவு.

1830-களில் சுவிட்சர்லாந்தில் யாக்கோப் சுல்ஸ்பெர்கர் என்ற பொறியாளர், கல்லுக்குப் பதில் இரும்பு உருளைகளைக் கொண்டு கோதுமையை அரைத்துக் காட்டினார். சில ஆண்டுகளில் ஹங்கேரியின் பெஸ்ட் நகரிலும் உருளை ஆலை எழுந்தது. அங்கே கான்ஸ் என்ற வார்ப்பாலை ரயில் சக்கரங்களைச் செய்து பெயர் பெற்றிருந்தது. இரும்பை உருக்கி வார்க்கும்போதே மேற்புறத்தைச் சட்டென்று குளிரவைத்துக் கல் போல் இறுகச் செய்வது அதன் தொழில் நுணுக்கம். அவ்வாலையின் பொறியாளர் அன்ட்ராஸ் மெக்வார்ட், 1874-இல் அதே முறையில் சாய்ந்த வரிகள் வெட்டிய உருளைகளைச் செய்தார். சீக்கிரம் தேயாத இந்த உருளைகள் பல நாடுகளுக்கும் போயின.

இந்த உருளைகள் வேலை செய்யும் விதத்தை ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். உறைந்த பாலை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தட்டையாக்கி, கடைசியில் வரி போட்ட உருளையில் விட்டு ஷீட்டாக எடுப்போம் அல்லவா? மாவு ஆலையில் வரிசை தலைகீழ். முதலில் வரி போட்ட உருளைகள், கடைசியில் வழுவழுப்பானவை. எதிரெதிராகச் சுற்றும் இரண்டில் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றும். அதனால் மணி ஒரேயடியாக நசுங்காமல் பிளந்து திறந்துகொள்ளும். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி சுரண்டப்பட்டு நொய்யாக உதிரும். அதைச் சலித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த ஜோடி உருளைக்கு அனுப்புவார்கள். தவிடு பெரிய பெரிய செதிலாகவே பிரிந்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள முளை தூளாகாமல் தட்டையாகிச் சல்லடையில் தங்கிவிடும். 100 கிலோ கோதுமையில் சுமார் 72 முதல் 75 கிலோ வரை வெள்ளை மாவு கிடைக்கும்.

அமெரிக்காவில் இந்த மாற்றத்துக்கு முன்னே ஒரு துயரம் நடந்தது. மின்னியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் ஆலையில் 1878 மே 2-ஆம் தேதி மாலை, காற்றில் மிதந்த மாவுத் தூசி தீப்பற்றி வெடித்தது. 18 தொழிலாளர்கள் மாண்டனர். மாவுத் தூசி வெடிமருந்துக்குச் சமம் என்பதை உலகம் அன்று கண்டது. ஆலையை மீண்டும் கட்டியபோது தூசியை அகற்றும் கருவிகளோடு உருளைகளும் வந்தன. சில ஆண்டுகளில் அந்நகரம் மாவுத் தொழிலில் உலகிலேயே முதலிடம் பெற்றது. வெள்ளை ரொட்டி ஏழை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நல்லதுதானே என்பீர்கள். ஆனால் கழித்துத் தள்ளிய தவிட்டோடும் முளையோடும் பி1 என்ற உயிர்ச்சத்தின் பெரும் பகுதியும் போய்விட்டது. வைட்டமின் என்ற சொல்லே அன்று பிறக்கவில்லை.

அந்த இழப்பின் கொடுமையை மலாயா அரிசியில் கண்டது. அரிசியைத் தீட்டும் இயந்திரம் வேறு. ஆனால் தவிட்டை அகற்றி வெளுப்பாக்கும் நோக்கம் ஒன்றே. அந்நாளில் இங்கே பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரை வதைத்தது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இருதயம் தளர்ந்து உயிர் பிரியும். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடம் அது மிகுதி. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் மிக அரிது. சிரம்பானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார்.

1905-இன் இறுதியில் டாக்டர் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு கூட்டத்துக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்று பாதியில் இடத்தையும் மாற்றினார். நோயோ பச்சரிசியையே தொடர்ந்தது. ஓராண்டில் பச்சரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசிக் கூட்டத்தில் அந்நோய்க்கு ஒருவரும் பலியாகவில்லை. கேட்பாரற்ற 18 உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. படிப்பறியாத நம் முன்னோர் பழக்கத்தால் செய்தது அவர்கள் உயிரைக் காத்தது. 1936-இல் பி1 சத்தை ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றார்கள். 1941 முதல் அமெரிக்காவில் வெள்ளை மாவில் அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு கையால் எடுத்ததை மறு கையால் திருப்பிக் கொடுத்த கதை!

தாய்மார்களே! ரொட்டி சானாயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் சில நாள் ஆட்டா மாவில் சப்பாத்தி சுடுங்கள். புழுங்கல் அரிசியை, நிறம் மங்கல் என்று ஒதுக்காதீர்கள். அரிசியை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவினால் இருக்கும் சத்தும் கழுநீரோடு போய்விடும், அளவோடு கழுவுங்கள். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்று பெரியவர்கள் சொன்னது மாவுக்கும் அரிசிக்கும்கூடப் பொருந்தும்.