துருப்பிடித்த காரும் நம் நிய்யத்தும்

 

ஈராண்டுகளுக்கு முன்பு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குத்தம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் இழுவை வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் மேல் ஒரு பழைய கான்டெசா கார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது சக்கர வளைவுகளும் கதவுகளின் அடிப்பகுதியும் துருவேறிச் செங்கல் நிறமாகியிருந்தன. நான்கு சக்கரங்களிலும் காற்று இல்லை. என் மூத்த மகனின் முகமோ பெருநாள் காலையைப் போல் மலர்ந்திருந்தது.

என் மனைவி அந்த வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மகனைப் பார்த்து இரண்டே கேள்விகள் கேட்டார். "பணம் யாருடையது? வண்டி யாருடையது?"

பழைய வாகனங்களை வாங்கி வீட்டிலேயே சீரமைக்கும் ஆர்வம் நம் இளைஞர்களிடையே பெருகி வருகிறது. இது வீண்விரயம் என்று ஒதுக்கும் பெரியவர்களும் உண்டு. விருப்பம் இருந்தால் போதும் என்று இறங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. அந்த இரண்டு கேள்விகளையும் நேர்மையாகக் கேட்டுப் பதில் கண்டவருக்கு இது நல்ல பணி என்பதும், கேட்க மறுப்பவருக்கு இது வீட்டின் நிம்மதியைத் தின்னும் வேலை என்பதும் என் கருத்து.

முதலில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 'மசில் கார்' என்று ஒரு வகை உண்டு. நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி விற்றார்கள். 1964 இல் வந்த போன்டியாக் ஜிடிஓவை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அதன் எஞ்சின் 6.4 லிட்டர் கொள்ளளவு கொண்டது. நம் நாட்டில் அப்படிப்பட்ட கார் எதுவும் தயாரிக்கப்படவில்லை. ஆனால் நீண்ட முன்பகுதியும் அகன்ற முகப்பும் கொண்ட தோற்றத்தால், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கான்டெசாவுக்கு 'இந்திய மசில் கார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் வடிவத்தைத் தழுவி 1984 முதல் அது விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அதற்குள் இருந்தது அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின்தான். பயில்வானின் சட்டைக்குள் பள்ளிச் சிறுவன் இருந்த கதை! பின்னர் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகே அதற்கு ஓரளவு வேகம் கிடைத்தது. 2002 இல் உற்பத்தி நின்றது. எங்கள் வாசலுக்கு வந்தது 1993 இல் பதிவான, இசுசு எஞ்சின் கொண்ட வண்டி.

இப்போது கேள்விகளுக்கு வருவோம். பணம் தன்னுடையது என்று மகன் சொன்னான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துச் சேமித்தது. 70,000 ரூபாய் விலை பேசி, 10,000 முன்பணம் கொடுத்திருந்தான். கடன் இல்லை, வட்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது கேள்விக்குத்தான் அவனிடம் பதில் இல்லை.

ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த பெயர் விற்றவருடையது அன்று; காலமாகிவிட்ட அவருடைய தந்தையுடையது. தந்தைக்கு இரண்டு பெண் மக்களும் இருந்தார்கள். வண்டி பல ஆண்டுகளாகத் தன் வீட்டு வாசலில் கிடந்ததால், மகன் தானே விலை பேசிவிட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "பழைய இரும்புதானே, இதற்கெல்லாம் அக்காள் தங்கையைக் கேட்க வேண்டுமா?" என்றார். கேட்கத்தான் வேண்டும். இறந்தவர் விட்டுச் சென்றது துருப்பிடித்த இரும்பாக இருந்தாலும் அது வாரிசுச் சொத்து. பெண் மக்களின் பங்கு சிறியது என்பதால் அது இல்லாததாகிவிடாது. நம் குடும்பங்களில் நிலத்துக்கும் நகைக்கும் கணக்குப் பார்க்கிறோம். வாசலில் கிடக்கும் வண்டியையும் பரணில் இருக்கும் பாத்திரத்தையும் கையில் கிடைத்தவர் எடுத்துக்கொள்கிறார்.

சட்டமும் இங்கே நம் பக்கமே நிற்கிறது. உரிமையாளர் இறந்துவிட்டால், படிவம் 31 வழியாக வண்டியை முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே விற்பனைக்குரிய 29, 30 ஆம் படிவங்கள். அந்த இரு சகோதரிகளின் ஒப்புதலும் கிடைக்க ஆறு வாரங்கள் ஆயின. அதுவரை வண்டியின் மீது ஒரு ஸ்பானரும் படக் கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம்தான். ஆனால் அந்தச் சகோதரிகளில் மூத்தவர் ஒரு நாள் நேரில் வந்து, முன் இருக்கையில் சற்று நேரம் அமர்ந்திருந்து, "எங்கள் அப்பா எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்ற வண்டி இது" என்று சொல்லிவிட்டுச் சென்றார். அன்றோடு மகனின் கோபம் தீர்ந்தது.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 2021 இல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' என்ற தனிப் பதிவு, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே. கான்டெசாக்களில் மூத்ததற்கே அந்தத் தகுதி 2034 இல்தான் வரும். ஆகவே "பழைய வண்டிக்குச் சலுகை இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வேலை தொடங்கிய முதல் நாள், பூவிருந்தவல்லியிலிருந்து ஒரு டிங்கரிங் தொழிலாளியை அழைத்து வந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றி, வண்டியின் உடலெங்கும் வைத்துப் பார்த்தார். தகடு உள்ள இடத்தில் காந்தம் ஒட்டியது. சில இடங்களில் ஒட்டாமல் விழுந்தது. வெளியே பார்த்தால் அங்கே பளபளவென்று பெயின்ட்; உள்ளே வெறும் பட்டி. யாரோ ஒருவர் துருவை வெட்டி எடுக்காமல், அதன் மீதே பட்டியைப் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார். ஸ்க்ரூடிரைவரால் குத்தியபோது கதவுக்குக் கீழுள்ள பகுதி பிஸ்கட் போல் உதிர்ந்தது. கான்டெசாவுக்கு லாரியைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அந்த இடத்தில் துரு இருப்பது அழகுக் குறை அன்று, உயிருக்கு ஆபத்து.

நனைந்த தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பி விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். துருவின் மீது பூசிய பட்டி அதே நனைந்த தானியம்தான். மறைத்தவரை இகழ்வது எளிது. ஆனால் அந்த வேலையை நாமே செய்யும்போதுதான் சோதனை வருகிறது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க நான்கு வாரங்கள். பட்டி பூச ஒரு பிற்பகல். "உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள், வாப்பா?" என்று மகனே ஒரு நாள் சலித்துக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவனே கட்டிங் மெஷினை எடுத்தான். அழுகிய தகட்டை அகற்றி, புதியதைப் பற்றவைத்து, ப்ரைமர் அடித்து, உட்குழிவுகளில் மெழுகுப் பூச்சு கொடுத்து முடித்தோம். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது.

செலவு பற்றிச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நாங்கள் போட்ட கணக்கு இரண்டு மடங்காயிற்று. பிரேக் மாஸ்டர் சிலிண்டர், கேஸ்கெட், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டின. பிரேக்கைப் பாதி கழற்றிய நிலையில், என் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதம் வந்தது. கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஐந்து மாதங்கள் அது அப்படியே கிடந்தது. வீடு தேடி வந்த உறவினர்கள் சிரித்தார்கள். அந்த ஐந்து மாதங்களையே நான் எங்கள் வெற்றியாகக் கருதுகிறேன். கடன் வாங்கியோ, தங்கையின் கட்டணத்தைத் தள்ளிப்போட்டோ வண்டியை முடித்திருந்தால், அது வீண்விரயம்தான். எவ்வளவு அழகாக முடித்திருந்தாலும் சரி.

அண்டை வீட்டாரின் ஹக்கும் இதில் அடங்கியிருக்கிறது. திருவல்லிக்கேணிச் சந்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் இந்த வேலையை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. குத்தம்பாக்கத்தில் இடம் உண்டு. ஆனால் காதுகள் இங்கும் உண்டு. அஸருக்குப் பின் தொடங்கினால் மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது மெஷின் நிற்க வேண்டும், அதன் பிறகு சத்தமில்லாத வேலை மட்டும் என்று என் மனைவி விதி வைத்தார். கழிவு எண்ணெயை ஒரு சொட்டும் மண்ணில் விடக் கூடாது என்பது இரண்டாவது விதி. கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியுள்ள ஊரில், நம் வாசலில் ஊற்றுவது அடுத்தவர் குடத்தில் ஊற்றுவதற்குச் சமம். கேன்களில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்தோம்.

உடலும் அமானிதம்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகே தலையை நுழைக்க வேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் அதனருகே வெல்டிங் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்னொன்று: இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய்களை அது இளக்கிவிடும். ஆகவே குழாய்களையும் கார்புரேட்டரின் உள்ளுறுப்புகளையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

"இத்தனை உழைப்பையும் பயனுள்ள வேறு ஒன்றில் செலவிட்டிருக்கலாமே?" என்று ஜுமுஆவுக்குப் பின் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். என் பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து வந்து புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். 'காயலான் கடை' என்ற சொல்லே எங்கள் ஊர்க்காரர்களால் வந்தது என்று சொல்வதுண்டு. பிறர் எறிந்ததில் எது உதவும், எது உதவாது என்று பிரித்தறியும் கண் அவருக்கு இருந்தது. என் தலைமுறையில் அந்தக் கண் மூடிவிட்டது. பழுதானதை எறிகிறோம், புதியதை வாங்குகிறோம். நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்; ஆனால் வீட்டில் ஒரு பொருளையாவது நாம் பழுது பார்ப்பதை அவர்கள் கண்டதில்லை. அந்தக் கார் வந்த பின், கைப்பேசியில் தலை கவிழ்ந்திருந்த என் இளைய மகன் இப்போது ஸ்பானர் அளவுகளைப் பார்த்தவுடன் சொல்கிறான். நானும் மூத்தவனும் அதற்கு முன் ஓராண்டில் பேசியதைவிட, அந்தக் காரின் அடியில் படுத்துக்கொண்டு பேசியது அதிகம்.

ஆயினும் எல்லோரும் பழைய கார் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நிய்யத் என்றால் வேண்டாம். அந்தப் பார்வைக்காகவே பட்டி பூசத் தோன்றும். வீட்டுப் பெண்களின் மனமொப்பாமல் தொடங்கவும் வேண்டாம். இடமும் ஷெட்டும் இல்லாதவர்கள் ஒரு சைக்கிளில் தொடங்கலாம், தையல் இயந்திரத்தில் தொடங்கலாம். கற்பது ஒன்றே.

எங்கள் கான்டெசா இப்போது ஓடுகிறது, பதிவும் புதுப்பித்தாயிற்று. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. சாம்பல் நிற ப்ரைமரோடு நிற்கிறது. அடுத்த கல்விக் கட்டணம் கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ். என்றாவது விற்க நேர்ந்தால் வாங்குபவரிடம் காந்தத்தைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள் என்று சொல்லப்போவதாக மகன் சொல்கிறான். பின் கதவின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய பட்டி உண்டு. அதையும் தானே சுட்டிக்காட்டுவானாம். அவனுக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அந்த எண்ணத்தை அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக.