வேப்பிலை சொல்லும் பாடம்

வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் என்ன அர்த்தம்?

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது! வெளியார் உள்ளே போகமாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், தனித் தட்டு. ஆனால் அந்த வீட்டை யாரும் இகழமாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று மரியாதையாகவே சொல்வார்கள்.

வேப்பிலை அம்மையைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. ஆனால் அந்தப் பழக்கத்தில் இரண்டு நல்ல புத்திகள் இருக்கின்றன. ஒன்று, நோயை மறைக்காதே. இரண்டு, நோயாளியை அவமதிக்காதே. குரங்கு அம்மை உலகில் பரவாமல் தடுக்க இந்த இரண்டும் வேண்டும்.

குரங்கு மேல் பழி

1958-ல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் குரங்குகளுக்கு இந்த நோய் கண்டது. அதனால் அந்தப் பெயர். மனிதருக்கும் வரும் என்பது 1970-ல் காங்கோ நாட்டுக் குழந்தை ஒன்றின் மூலம் தெரிந்தது. ஆப்பிரிக்கக் காடுகளில் உள்ள எலி, அணில் வகைகளே கிருமியைச் சுமப்பதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நம் ஊர்க் குரங்கு மேல் கல் எறிய வேண்டாம்!

2022-லும் 2024-லும் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்காக அவசர நிலையை அறிவித்தது. 2025 செப்டம்பரில் அதை விலக்கிக்கொண்டது. ஆனால் நோய் ஒழிந்துவிடவில்லை.

இரண்டு பயணிகள்

2022 ஜூலையில் ஐக்கிய அரபு நாட்டிலிருந்து கேரளம் வந்தார் ஒருவர். அங்கே தன்னுடன் பழகியவருக்கு இந்த நோய் கண்டதை ஆஸ்பத்திரியில் சொன்னார். தனி அறையில் சிகிச்சை பெற்றுக் குணமானார். இந்தியாவில் கண்டறியப்பட்ட முதல் நோயாளி அவர்தான்.

அதே மாதம், அதே நாட்டிலிருந்து இன்னொரு இளைஞர் கேரளம் வந்தார். அவருக்கு நோய் இருப்பது அங்கேயே பரிசோதனையில் தெரிந்திருந்தது. இங்குள்ள டாக்டர்களுக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. மாத இறுதியில் அவர் இறந்தார். அவருடன் பழகியவர்களை அதன் பிறகு தேடித் தனிமைப்படுத்த வேண்டியதாயிற்று.

இந்த நோயில் சாவு அபூர்வம்தான். ஆனால் மௌனம் பலரை ஆபத்தில் தள்ளும்.

நம் இரு மாவட்டங்களிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். திருச்சியில் விமானம் இறங்கினால் சில மணி நேரத்தில் சொந்த ஊர். அப்படி வந்தவர் உடம்பில் கொப்புளம் கண்டால் என்ன செய்வார்? "ஊர் என்ன சொல்லுமோ" என்று போர்த்திக்கொண்டு படுப்பாரா? ஆஸ்பத்திரிக்குப் போவாரா? அது ஊராரின் கையிலும் இருக்கிறது.

செய்ய வேண்டியது

காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுதல், கொப்புளம் ஆகியவை அடையாளங்கள். கிருமி புகுந்து 3 வாரத்துக்குள் இவை தெரியும். உடலோடு உடல் நெருங்குவதாலும், உடலுறவாலும், நோயாளியின் துணி, படுக்கையாலும் நோய் பரவும்.

சந்தேகம் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், யாருடன் பழகினீர்கள் என்பதை டாக்டரிடம் ஒளிக்காதீர்கள். நோய் உறுதியானால், பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை தனியாக இருக்க வேண்டும். அதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே போகக்கூடாது.

சொன்னதால் ஒழிந்தது

பெரியம்மை எத்தனை குடும்பங்களை அழித்தது! 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. அம்மை குத்தியது மட்டுமா காரணம்? ஊழியர்கள் வீடு வீடாகப் போய், "இங்கே யாருக்காவது அம்மையா?" என்று கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசும் கொடுத்தார்கள். ஜனங்கள் சொன்னார்கள், நோய் ஒழிந்தது.

இப்போதும் நோயாளி பயமின்றிச் சொல்லட்டும். அவருக்குத் தனி அறை கொடுங்கள். வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுங்கள். ஏளனம் மட்டும் வேண்டாம்.