தறிக்குக் குழி வெட்டினாங்க, நமக்கு டைனிங் டேபிள்

2020 மார்ச்சில் லாக்டவுன் போட்டு, பொட்டி தட்டுற எங்க கூட்டத்தை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினப்போ, கட்டில், சோபா, இஸ்திரி போடுற மேஜைன்னு கிடைச்ச இடத்துல உட்கார்ந்தோம். அது அவசரத்துக்கு, சரி. ஆனா அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு மூணு நாளாவது வீட்ல இருந்து வேலைங்கறது நிறைய பேருக்கு நிரந்தரமாவே ஆயிடுச்சு. வீடு கட்டறவங்களும், மேஜை நாற்காலி விக்கிறவங்களும் இன்னமும் இதை ரெண்டு நாள் கூத்தாவே நினைச்சுட்டு இருக்காங்க என்பதுதான் என் புகார்.

இதுல வேடிக்கை என்னன்னா, வீட்ல இருந்து வேலை செய்யறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. காஞ்சிபுரம் பக்கம் பழைய நெசவாளர் வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா? வீட்டோட பெரிய இடம், நீளமான இடம் தறிக்குத்தான். தரையிலயே குழி வெட்டி, கால் மிதிபலகையில படற மாதிரி, குழி ஓரத்துல உட்கார்ந்து நெய்வாங்க. மேஜையும் நாற்காலியும் தரையும் எல்லாமே அந்தக் குழிதான். பாவு நீட்ட வீட்டுக்குள்ள இடம் பத்தாதுன்னா தெருவே இருக்கு. அதாவது முதல்ல வேலைக்கு இடம், மிச்சத்துலதான் சமையலும் தூக்கமும். (அவங்களுக்கு முதுகு வலிக்காதுன்னோ, சொகுசா இருந்தாங்கன்னோ சொல்ல வரலை. கூலி கட்டுப்படியாகாம தறியை விட்டவங்க எத்தனையோ பேர். நான் பேசறது வீட்டு பிளானைப் பத்தி மட்டும்.)

இப்ப நம்ம அபார்ட்மெண்டுக்கு வருவோம். "இரண்டரை பெட்ரூம்"னு விளம்பரம் பண்றாங்க. அந்த அரை எதுன்னு போய்ப் பார்த்தா, ஸ்டோர் ரூமுக்கு ஸ்டடின்னு பேர் வச்ச மாதிரி இருக்கு. பல இடத்துல ஜன்னல்கூடக் கிடையாது. பெட்ரூம்ல உட்காரலாம்னா ப்ளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். இன்டர்நெட் ஒயர் ஹால்ல டி.வி. பக்கத்துல வந்து நின்னுடும். ரெண்டு சுவர் தாண்டினா வை-ஃபை மூச்சு வாங்கும். சுவர் எழுப்பறப்பவே ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு காலி பைப் புதைச்சு விட்டா என்ன பெரிய செலவு ஆயிடப் போகுது? ஏ.சி.க்கு மட்டும் மறக்காம ஓட்டை போடறாங்களே!

மேஜை விஷயம் இன்னும் மோசம். டைனிங் டேபிள் உயரம் பொதுவா 75 செ.மீ. கடையில விக்கிற ரெடிமேட் கம்ப்யூட்டர் டேபிளும் ஏறக்குறைய அதேதான். ஐந்தடி உயரம் இருக்கிற ஒருத்தர், பாதம் தரையில படற மாதிரி உட்கார்ந்தா முழங்கை சுமார் 60 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். கிட்டத்தட்ட அஞ்சு அங்குல வித்தியாசம். அதைச் சரிக்கட்ட நாள் முழுக்க தோளைத் தூக்கிட்டே டைப் அடிக்கணும். நாற்காலியை உயர்த்தினா கால் அந்தரத்துல தொங்கும். இதுல லேப்டாப் தன் பங்குக்கு ஒரு வில்லங்கம். திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கறதால, கைக்குச் சரியா வச்சா கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியா வச்சா கை தூக்கும். தனி கீபோர்டு வாங்காம இதுக்கு விமோசனமே இல்லை, எவ்வளவு விலை குடுத்து நாற்காலி வாங்கினாலும் சரி.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற இடம் வேற. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஐ.டி.ன்னா, கதவு சாத்திக்கிற ரூம் யாருக்குப் போகுது? நான் பார்த்த வீடுகள்ல பெரும்பாலும் ஐயாவுக்குத்தான். "எனக்கு க்ளையன்ட் கால் இருக்கு"ன்னு போய் உள்ள உட்கார்ந்துக்குவார். அம்மணிக்கு டைனிங் டேபிள், அதாவது குக்கர் விசில் கேட்கிற தூரம். காலிங் பெல் அடிச்சா யார் எழுந்திருக்கணும்? குழந்தை யார்கிட்ட போய் நிக்கும்? கால்ல வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மிக்ஸி ஓடுதான்னு யார் எட்டிப் பார்க்கணும்? வேலை ரெண்டு பேருக்கும் அதே வேலைதான். ஆனா நடுநடுவுல எழுந்து ஓடறவங்க தலையிலதான் அப்ரைசல் அன்னைக்கு விடியும். இதுக்கு ஆம்பளைங்க மனசு மாறணும்தான், மறுக்கலை. அது மாறற வரைக்கும், கதவோட ரெண்டாவதா ஒரு மூலையாவது பிளான்லயே இருந்தா பாதி சண்டை குறையும். பெரிய ரூம் வேண்டாம். அஞ்சடிக்கு ஆறடி, பக்கவாட்டுல ஒரு ஜன்னல், ஒழுங்கா சாத்தற ஒரு கதவு போதும். ஹால்ல மூணு பேர் சோபாவுக்கு அடைக்கிற இடத்துல கொஞ்சம் கிள்ளினாலே கிடைச்சுடும். சோபாவில உட்கார வாரம் எத்தனை விருந்தாளி வர்றாங்க, சொல்லுங்க :-)

வாடகை வீட்ல இருக்கறவங்க சுவரை இடிக்க முடியாது. ஆனா கார்பென்டரைக் கூப்பிட்டு, உட்கார்ந்து காட்டி, முழங்கை உயரத்துக்கு ஒரு பலகை அடிச்சுத் தரச் சொல்லலாம். "ஸ்டாண்டர்டு சைஸ் இதுதான் சார்"னு கண்டிப்பா ஒரு தடவை சொல்வார், விடாதீங்க. ஃப்ளாட் வாங்கப் போறவங்க கையில ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. மேஜை எங்க வரும், வெளிச்சம் எந்தப் பக்கம், ப்ளக் எங்க, ஒயர் எப்படி வரும்னு பில்டரைக் குடைஞ்சுட்டு, டைல்ஸ் கலரை அப்புறமா பார்த்துக்கலாம்.